ஒன்பது மடங்கு

ரப்பர் உறை போட்ட கைகள் பம்புக் குழாயின் நுனியைப் பிடித்து, கண்ணாடிக் குவளையில் முக்கால் பங்கு நீர் எடுத்தன. ஒரு சின்ன மாத்திரையைப் பிரித்து உள்ளே போட்டன. குவளையை மெல்லச் சுழற்றின. நீர் பீட்ரூட் அலம்பிய தண்ணீர்போலச் சிவந்தது.

"அண்ணி, இந்தக் கிணத்துக்குள்ள என்ன போட்டீங்க?"

கொடியில் போடுவதற்காகச் சட்டையை உதறிக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றது. "நானா? ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லாமலா இப்படிச் சிவக்குது? தண்ணியில குளோரின் இருந்தாத்தான் இந்த மாத்திரை சிவக்கும். வாடை வேற மூக்கைத் துளைக்குது."

"மூணு நாள் முன்னாடி, கொஞ்சம் பிளீச்சிங் பவுடர். ஒரே ஒரு டப்பா. உங்க அண்ணன்தான் ஸ்பானர் போட்டு மூடியைத் திறந்து குடுத்தாரு."

"விருந்தாளி வர்றாங்கன்னு வீட்டைக் கூட்டற மாதிரி கிணத்தைக் கூட்டியிருக்கீங்க!"

"மூணு தடவை பாஸாயிடுச்சு. கடைசியில கோட்டை விட்டுடக்கூடாதேன்னு பயம்" என்றாள் அண்ணி.

பயத்தில் தவறில்லை. வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டிப் பூட்டுத் தொழிற்சாலை. உலோகத்தில் ஒட்டிய எண்ணெயைக் கழுவும் திரவத்தை அங்கே ஆண்டுக்கணக்காகக் குழியில் கொட்டினார்கள். அது மண்ணில் இறங்கித் தெருவின் நீரைக் கெடுத்தது. தொழிற்சாலை மூடப்பட்டது, தெருவின் ஆழ்குழாய்க் கிணறுகளையும் மூடினார்கள். பதினான்கு வருடமாக நிலத்தடி நீரை இறைத்து, கரித் தொட்டிகளில் வடித்துச் சுத்தம் செய்கிறார்கள். தொடர்ந்து நான்கு சோதனைகளில் நீர் சுத்தமாக இருந்தால் கிணற்றைத் திறக்கலாம் என்பது விதி. இது நான்காவது. அண்ணி பதினான்கு வருடமாக லாரித் தண்ணீரைக் குடத்தில் தூக்குகிறாள். இடது தோள் சற்றே இறங்கிவிட்டது.

சோதனைக்கு நீர் எடுப்பவள் அவளுடைய நாத்தனார். அதே தொழிற்சாலையில் பூட்டுக்குச் சாவி பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தவள். சுத்திகரிப்பு தொடங்கியபோது வாயிற்கதவைத் திறந்துவிடும் வேலைக்குச் சேர்ந்தாள். மற்றவர்கள் நீர் எடுப்பதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். குழாயில் தேங்கி நிற்பது பழைய தண்ணீர். அது நிலத்தின் நிலையைச் சொல்லாது. குழாய் கொள்ளும் அளவைப்போல மூன்று மடங்கை வெளியேற்றிய பிறகே புட்டியை நிரப்ப வேண்டும். மற்றவர்கள் இரண்டோடு விட்டுவிடுவதுண்டு. இவள் ஒரு வாளிகூடக் குறைக்கமாட்டாள். அதனால் தெருவில் இவளுக்குப் பெயரே மூணுதரம்.

"அண்ணன் வீட்டுக் கிணற்றுக்கு வேறு ஆளை அனுப்புங்கள்" என்று இவளே சுத்திகரிப்புப் பொறியாளரிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் சிரித்தார். "உங்ககிட்ட சொந்தம் செல்லுபடியாகாதுன்னு ஊருக்கே தெரியும், போயிட்டு வாங்க."

இப்போது அவருக்குத்தான் தொலைபேசினாள். பவுடர் கிருமியைக் கொல்லும். கழுவுதிரவத்தை ஒன்றும் செய்யாது. அதோடு, நீரில் முன்பு இல்லாத ஒன்றைச் சோதனையில் புதிதாகக் காட்டவும் கூடும்.

"ஆய்வகத்து வண்டி ரெண்டு மணிக்கு வரும்" என்றார் பொறியாளர். "அதுக்குள்ள நிறம் போயிட்டா எடுங்க. இல்லேன்னா ஆறு மாசம் கழிச்சுத்தான்."

ஆறு மாதம் என்றதும் அண்ணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

இறைத்த நீரைத் தெருவில் விடக்கூடாது. மூன்று சக்கர வண்டியிலிருந்த தொட்டியில் நிரப்பி, கரித் தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு தொட்டி சரியாக மூன்று மடங்கு. நிரம்ப ஒன்றேகால் மணி நேரம், போய்வர அரைமணி. முதல் தொட்டி நிரம்பியபோது குவளையில் அதே சிவப்பு. இரண்டாவது நிரம்பியபோது ரோஜா நிறம்.

"இன்னொரு நடையா?" என்றார் வண்டிக்காரர். "இனிமே உங்களை ஒம்போதுதரம்னுதான் கூப்பிடணும்."

"கூப்பிடுங்க. சீக்கிரம் போயிட்டு வந்து கூப்பிடுங்க."

மூன்றாவது தொட்டி ததும்பும்போது மணி ஒன்றரை. மாத்திரை கரைந்தது. அண்ணியும் நாத்தனாரும் குவளையைச் சுவரின் வெள்ளைக்கு நேரே வைத்துப் பார்த்தார்கள். நிறமில்லை. இன்னொரு மாத்திரை போட்டாள். நிறமில்லை.

உறைகளை மாற்றிக்கொண்டு புட்டிகளை எடுத்தாள். விரல் நீளமே உள்ள கண்ணாடிப் புட்டிகள். நீர் விளிம்புக்கு மேல் மேடாக எழும்பி நிற்கும்வரை சொட்டுச் சொட்டாக நிரப்பி, மூடி திருகி, தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள்.

"எதுக்குத் தட்டற?"

"உள்ள காத்து இருந்தா குமிழ் மேல வரும். கழுவுதிரவம் நீரை விட்டு அந்தக் குமிழுக்குள்ள ஓடிடும். சோதனையில குறைச்சலாக் காட்டும்."

"குறைச்சலாக் காட்டினா நமக்கு நல்லதுதானே?"

"கிணறு திறந்துடுவாங்க. அப்புறம் குடிக்கப்போறது யாரு அண்ணி?"

அண்ணி கிட்ட வந்து நின்று பார்த்தாள். முதல் புட்டி சுத்தம். இரண்டாவதும். மூன்றாவதை நாத்தனார் தட்டிவிட்டுப் பனிக்கட்டிப் பெட்டியில் வைக்கப் போனாள்.

"ஏய், நில்லு. அதுல ஒரு பொட்டு இருக்கு."

வெயிலில் திருப்பிப் பார்த்தாள். கடுகளவு குமிழ், கழுத்தோரத்தில் ஒட்டியிருந்தது. காலையிலிருந்து குனிந்து நிமிர்ந்தவளின் கண்ணுக்கு அது தப்பியிருந்தது. புட்டியை ஒதுக்கிவிட்டுப் புதியதை எடுத்து நிரப்பினாள். இம்முறை அண்ணியிடமே காட்டினாள். "இப்ப?"

"இல்ல. ஒரு பொட்டுகூட இல்ல."

பதிவுத்தாளில் நேரமும் ஆழமும் எழுதினாள். கீழே, "மூன்று நாள் முன்பு வீட்டார் பிளீச்சிங் பவுடர் போட்டுள்ளனர், ஒன்பது மடங்கு இறைத்து, நிறம் போனபின் எடுத்தது" என்று சேர்த்தாள்.

"அதையும் எழுதணுமா? அதைப் படிச்சிட்டுத் தள்ளிட்டாங்கன்னா?"

"தள்ளினா தள்ளட்டும். எழுதலைன்னா நான் எடுத்த எல்லாப் புட்டியும் பொய்யாயிடும்."

அண்ணி தாளை வாங்கிப் படித்தாள். "வீட்டார்னா யாருன்னு கேப்பாங்களே. பேனாவைக் குடு." அந்த வரிக்குப் பக்கத்தில், நிதானமாக, தன் கையெழுத்தைப் போட்டாள்.

ஆய்வகத்து வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் தாளை முழுக்கப் படித்தார். ஒன்பது என்ற இடத்தில் புருவத்தைத் தூக்கினார். பிறகு பனிக்கட்டிப் பெட்டியைத் திறந்து, புட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். மூணுதரம் பெட்டியின் ஒரு காதைப் பிடித்தாள். மறு காதை அண்ணி பிடித்தாள். இருவருமாகத் தூக்கி வண்டிக்குள் கொடுத்தார்கள்.