தணிகாசலம் கோடு போட்ட பாரம்

பென்னலூர் தணிகாசலத்துக்குச் சர்க்கார் காகிதம் என்றாலே ஆகாது. காரணம் இருக்கிறது. தொண்ணூற்றெட்டில் போர்வெல் மானியம் என்று சொல்லி ஒரு தரகன் அவனிடம் காலித் தாளில் கையெழுத்து வாங்கிப் போனான். அந்தத் தாள் நிலத்தை விற்கச் சம்மதம் என்று திரும்பி வந்தது. வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த ஒன்றரை ஏக்கரும் போச்சு. கையில் வந்ததை வைத்து ஒரு வேன் வாங்கினான். நானும் வேன்காரன்தான், ஒரே ஸ்டாண்டு.

சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரு கம்பெனிக்கு லேடீஸ் ஷிப்ட் ஓட்டினான். அவன் பிழைப்பே அதுதான். நடுவில் டோல்கேட் வந்து தொலைத்தது. ஒரு நாளைக்கு ஆறு தடவை காசு அழுதால் கட்டுமா? ஏரிக்கரை மண் ரோட்டில் சுற்றிப் போனான். பெண்கள் லேட்டாகப் போய் இறங்கினார்கள்.

"இன்னொரு நாள் லேட்டாச்சினா வேற வண்டி போட்டுக்குவேன்" என்று கான்ட்ராக்டர் இளம்பரிதி சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் சர்க்காரிலிருந்து ஒரு விண்ணப்ப பாரம் வந்தது. அடிக்கடி போய்வருகிற உள்ளூர் வண்டிகளுக்கு டோலை அரசாங்கமே கட்டுமாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"சும்மா குடுப்பானா? இதுல இன்னாவோ கீது" என்றான் தணிகாசலம்.

"யோவ், ஸ்டாண்டே எழுதிக் குடுத்தாச்சு. உனக்கு மட்டும் இன்னா வந்துச்சி?" என்றேன்.

"கையெழுத்துக்கு மேல எவ்ளோ காலி எடம் உட்டுகிறான், பாத்தியா?"

எனக்கு வந்ததே ஆத்திரம்! வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாரம் வாங்குகிற ஆபீஸுக்கு அவனை இழுத்துக்கொண்டு போனேன். போட்டான் ஐயா கையெழுத்து. அதற்கு முன்னால், காலியாக இருந்த இடமெல்லாம் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழித்துவிட்டான்.

"இன்னாங்க இது? ஆபீஸ் எழுதுற எடத்துலயும் கோடு போட்டு வெச்சிருக்கீங்க, சீல் எங்க போடறது?" என்றாள் கிளார்க் சத்யப்பிரியா. வேறு பாரம் இல்லை.

"அன்னிக்கு இப்பிடிக் கோடு போட்டிருந்தா என் நெலம் இருந்திருக்கும்மா" என்றான். கண் கலங்கிவிட்டது. அவள் பாரத்தை அவனிடமே திருப்பித் தந்தாள்.

திங்கட்கிழமை மழை. ஏரிக்கரைச் சேற்றில் வேன் சிக்கி, முக்கால் மணி நேரம் லேட். ட்ரிப் கையைவிட்டுப் போயிற்று. எங்களுக்கெல்லாம் டோல் பாஸ் வந்தது. யார் நிலமும் போகவில்லை.

அந்த ட்ரிப் இப்போது என்னிடம். நான்தான் இளம்பரிதியிடம் கேட்டு வாங்கிவிட்டேன் என்று தணிகாசலம் சொல்லிக்கொண்டு திரிகிறான். எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிறவன் என்பதால் அவன் பேச்சை ஸ்டாண்டில் ஒருத்தரும் நம்பவில்லை.

அவன் வண்டி சேற்றில் கிடந்த அன்று காலையிலேயே நான் இளம்பரிதியிடம் போய்க் கேட்டேன்.