பிள்ளை வந்த வீட்டுச் சாப்பாடு

கணபதி என்ற பெயர் சாலாவின் காதில் முதலில் விழுந்தது, அவளைப் பெண் கேட்டு வந்த அன்று. பெயரோடு சேர்ந்தே இன்னொன்றும் விழுந்தது. "அந்த வீட்டு ஆம்பளைக யாரும் அம்பதைத் தாண்டுனதில்லையே" என்று அவளுடைய சித்தப்பா இழுத்தார். பேச வந்த உறவுக்காரர் கையை வீசிச் சிரித்தார். "அது அந்த ரத்தம்ங்க. மாப்பிள்ளை என்ன அங்கயா பிறந்தாரு? பிள்ளை வந்தவரு!"

வாஸ்தவம்தான். அவர் பிறந்தது குழிபிறையில், இரட்டைப் பிள்ளையாக. மூத்தவர் அடைக்கப்பன், கொஞ்ச நேரம் பிந்தி வந்தவர் இவர். முகத்தைப் பார்த்து யாராலும் பிரிக்க முடியாது. நச்சாந்துபட்டியிலிருந்த தூரத்துப் பங்காளி வீட்டில் வாரிசு இல்லை. அதனால் எட்டு வயதில் இளையவரைச் சுவீகாரம் கொடுத்தார்கள். அந்த வீட்டுத் தாத்தாவின் பெயரைத்தான் கணபதி என்று இவருக்கு வைத்தார்கள்.

புது ஆத்தாளுக்கு ஒரே பயம். வந்த பிள்ளை வாடினால் ஊர் என்ன சொல்லும்? பெற்றிருந்தால் இப்படி விடுவாளா என்று ஒரு நாக்கு சொல்லிவிடக் கூடாதே. காலையில் நெய் மிதக்கும் பொங்கல், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எண்ணெயில் பொரித்த கந்தரப்பமும் சீயமும், ஞாயிற்றுக்கிழமை கொழுப்போடு ஆட்டுக்கறி. போதும் என்றால் அவள் முகம் சுண்டிப்போகும். அதனால் பையன் போதும் என்று சொல்லவே பழகவில்லை. குழிபிறையில் பெற்ற ஆத்தாளுக்கோ சர்க்கரை வியாதி. வீடே அவளோடு சேர்ந்து கேப்பைக்கூழும் கீரையும் கொள்ளு ரசமும்தான். விசேஷத்தில் பார்க்கும்போதெல்லாம் அடைக்கப்பன் தம்பியிடம், "குடுத்து வச்சவன்டா நீ" என்பார்.

கல்யாணமாகி வந்த சாலாவும் மாமியார் கைப்பக்குவத்தை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

இந்த வருஷம் மாசியில், புதுக்கோட்டைப் பாத்திரக்கடையில் மாடிப்படி ஏறிய கணபதி பாதியில் நின்று, நெஞ்சிலிருந்து ஏறிய வலியில் தாடையைத் தடவினார்.

"என்னங்க?"

"கேஸு. ஒரு சோடா வாங்கியாரச் சொல்லு."

மறுபடி கோயில் வாசலில் நின்றார். பிறகு பஸ் ஏறும்போது. சாலாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் சாப்பிடுகிறபோது அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"டாக்டரைப் பார்ப்பமுங்க."

"எதுக்கு? என்னைச் சுவீகாரம் எடுத்த அப்பச்சி நெஞ்சு வலியில போனது அவுக ரத்தம். என்னைப் பெத்தவுக எண்பது வயசுல கோயிலைச் சுத்தி வாராக. நான் அந்த ரத்தம். போ, வேலையைப் பாரு."

அவள் அடைக்கப்பனுக்குப் போன் போட்டாள். மறுநாளே வந்தவர், தம்பியைத் தோளில் தட்டினார். "டேய், நீயும் நானும் ஒரே ரத்தம்தானே? ரெண்டு பேரும் ஸ்கேன் எடுப்போம். ஒண்ணும் இல்லைன்னா நீ சொன்னது சரி, டிபன் என் செலவு."

டிபன் என்றதும் கணபதி கிளம்பிவிட்டார்.

அடைக்கப்பனின் ரத்தக்குழாய் சுத்தமாக இருந்தது. கணபதிக்கு மூன்று இடத்தில் அடைப்பு.

"மாத்திப் போட்டுட்டாங்க! ஒரே மூஞ்சியைப் பார்த்து ஏமாந்துட்டாங்க" என்று கணபதி குதித்தார்.

அடைக்கப்பன் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "எடை தொண்ணூத்தி நாலுன்னு போட்டிருக்கு. அது நானாடா?"

சாலாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் தேவிப்ரியா சின்ன வயசுக்காரிதான், ஆனாலும் பொறுமையாகச் சொன்னாள். "ரெண்டு பேருக்கும் மரபணு ஒண்ணுதாங்க. ஆனா எது வேலை செய்யணும், எது சும்மா கிடக்கணும்னு அதுமேல அடையாளங்கள் விழும். வருஷக்கணக்கா சாப்பிடுறது அந்த அடையாளங்களை மாத்திடும். அதுல ரத்தக்குழாய்ல புண்ணாகி, கொழுப்பு படியலாம். சாப்பாடு ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க அண்ணனுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் பிறப்புல இல்ல, வளர்ந்ததுல இருக்கு."

"எங்க ப்ரியங்காவுக்கும் அந்த அடையாளம் போயிருக்குமா?" சாலா கேட்டாள். ஒரே மகள். அவளுக்கும் அதே அடுப்பு, அதே கை.

"அதை யாரும் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா, இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. சில அடையாளங்கள் சாப்பாடு மாறினா மாறுமுங்கறாங்க. அடுப்பை இன்னைக்கே மாத்துங்க. இவருக்கு மட்டும் ஆபரேஷனைத் தள்ளாதீங்க."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று கணபதி சொன்னார். "அப்ப, அப்பச்சியோட வியாதி எனக்கு வந்திருச்சு." சொத்து வந்ததைச் சொல்வதுபோல இருந்தது. வந்த பிள்ளை, வந்த பிள்ளை என்றே கேட்டு வளர்ந்த மனுஷன். அந்த முகத்தில் ஏதோ ஒரு நிறைவு. சாலா அவர் முன்னால் வந்து நின்றாள்.

"இதுல என்னங்க பெருமை? அவுக போன வயசு உங்களுக்கு இந்த ஆவணியில வருது."

கணபதி அவளைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். கை தன்னால் தாடைக்குப் போயிற்று.

"சரி. தேதி குறிக்கச் சொல்லு."

இப்போது கணபதி திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நாளைக் காலையில் அவருக்கு பைபாஸ்.