காலிமுகத்திடலில் என் தம்பி

ஜனாதிபதி நாட்டை விட்டுப் பறந்த அந்த ஜூலை மாதத்தில் எங்கள் வீட்டில் மூன்று பேர் ஒருவரோடு ஒருவர் கோபமாக இருந்தோம். நான், என் கணவர், தொலைபேசிக்குள் இருந்த என் தம்பி. நானும் கணவரும் ஒக்லாந்தில், மவுண்ட் ரோஸ்கில்லில். தம்பி கொழும்பில். அங்கே பெட்ரோல் இல்லை, எரிவாயு இல்லை, மின்சாரம் வந்தால் வரும். பொறுமை இழந்த சனம் ஜனாதிபதியைப் போகச் சொல்லிக் காலிமுகத்திடலில், கடலைப் பார்த்தபடி, கூடாரம் அடித்து உட்கார்ந்துவிட்டது. பெரும்பாலும் சிங்களப் பிள்ளைகள். அவர்கள் நடுவே ஒரு கூடாரத்தில் நூலகம் வைத்து நடத்திக்கொண்டிருந்தான் என் தம்பி.

பிறந்த வீட்டில் எனக்கு மிச்சம் இருந்தது அவன் ஒருவன்தான். அவனைப் படிப்பிக்கவென்று நான் கொழும்புக்குக் கூட்டி வந்த பிறகு அம்மா வன்னிக்குள் அகப்பட்டுக்கொண்டா. யுத்தம் முடிந்தது. அம்மாவிடமிருந்து இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. பதினாலு வயதுப் பையனோடு தெஹிவளையில் ஒரு வீட்டோடு ஒட்டிய சிறு அனெக்ஸில் இருந்த நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், வெளியே தமிழில் கதைக்காதே என்பது. பஸ்ஸில், கடையில், சோதனைச் சாவடியில், எங்கேயும் சிங்களம்தான். என்னுடையது தட்டுத்தடுமாறும் சிங்களம். அவனுடையது சுத்தமான கொழும்புச் சிங்களம். அடையாள அட்டையைப் பார்க்கும்வரை யாரும் அவனைத் தமிழன் என்று சொல்லமாட்டார்கள். கல்யாணமாகி நியூசிலாந்துக்கு வந்த பிறகும் ஒவ்வொரு அழைப்பையும் அந்தப் பாடத்தைச் சொல்லித்தான் முடிப்பேன்.

"உனக்கென்ன விசரா?" என்று கேட்டேன், கூடாரத்தில் இருக்கிறான் என்று தெரிந்த அன்று. "அது அவங்கட சண்டை. அவங்கள் பிடிபட்டால் ரெண்டு அடி போட்டு விடுவாங்கள். உன்னைப் பிடிச்சால் என்ன நடக்கும் எண்டு தெரியாதோ?"

"அக்கா, இது வேற."

"எது வேற?"

"மே மாசம் இஞ்ச கஞ்சி காய்ச்சிக் குடுத்தது. யுத்தத்தின்ர கடைசி நாளுகளில எங்கட சனம் குடிச்ச அதே கஞ்சி. சிங்களப் பெடியளும் வரிசையில நிண்டு வாங்கிக் குடிச்சவை. நான் அம்மாவின்ர பேரைச் சொல்லி விளக்குக் கொளுத்தினனான்."

"சத்தமாவோ சொன்னனி?"

அம்மாவின் பெயரைக் கேட்டவுடன் நான் அழுதிருக்க வேண்டும். எனக்கு வந்தது பயம்தான். கூடவே கோபமும் வந்தது. கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் இருக்கிற சாமான்.

என் கணவருடைய தமையன் அதே கடைசி மாதங்களில் போனவர். அதனால் இவருக்கு இந்த விஷயத்தில் இரண்டாவது பேச்சே இல்லை. "எங்கட ஆக்கள் சாகேக்க இவை எங்க நிண்டவை? இப்ப காஸ் இல்லையெண்டவுடன கண் திறந்திட்டுதாம். உம்மட தம்பியை வெளிக்கிட்டு வீட்டை போகச் சொல்லும்." ஒக்லாந்துச் சிங்களவர்கள் நகரத்துச் சதுக்கத்தில் பதாகை பிடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், தமிழர்களும் போவதா வேண்டாமா என்று வட்ஸ்அப் குழுவில் சண்டை. வருடக்கணக்காகப் பிறந்தநாள் கேக் படம் மட்டும் போட்டுவந்தவர்கள் எல்லாம் ஒரே இரவில் அரசியல் ஆய்வாளர்கள் ஆகிவிட்டார்கள். கோயிலில் அன்னதானத்துக்குக் கத்தரிக்காய் வெட்டும்போதுகூட மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு கட்சி, அந்தப் பக்கம் ஒரு கட்சி. இரண்டு கட்சியும் என்னைக் கூப்பிட்டன. தம்பி வீட்டுக்குப் போனால் போதும் என்பதுதான் என் கட்சி. அதில் நான் ஒருத்திதான் உறுப்பினர்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள்ளேயே புகுந்துவிட்டது. நானும் இவரும் தொலைக்காட்சியை விட்டு நகரவில்லை. யாரோ நீச்சல் குளத்தில் குதிக்கிறார்கள், யாரோ பெரிய கட்டிலில் படுத்துப் பார்க்கிறார்கள். என் தம்பியும் போனானாம். பளிங்குத் தரையைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறான். திரும்பி வந்து பார்த்தால் செருப்பைக் காணவில்லை. அந்த மாதத்தில் இவர் வாய்விட்டுச் சிரித்தது அன்று மட்டும்தான். நானும் சிரித்தேன். சிரித்து முடிந்ததும், வெறுங்காலோடு நிற்கிற பிள்ளையால் ஓட முடியுமா என்ற யோசனை வந்தது.

இத்தனைக்கும் நான் தினமும் வேலைக்குப் போய்வந்தது ஒரு சிங்கள அக்காவின் காரில். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் அவர் வீடு. மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் சமையலறையில் இருவருக்கும் வேலை. அவர் என்னை நங்கி என்பார். தங்கச்சி என்று அர்த்தம். நான் அவரை அக்கா என்பேன், அதற்கு இரண்டு மொழியிலும் ஒரே சொல். ஆங்கிலமும் சிங்களமும் கலந்து எல்லாவற்றையும் கதைப்போம், யுத்தத்தைத் தவிர. கொழும்பில் எரிவாயு முடிந்துபோன நாள்களில், நுகேகொடையில் இருக்கும் தன் தங்கை வீட்டு விறகடுப்பில் என் தம்பிக்கும் சேர்த்துச் சோறு போட ஏற்பாடு செய்தவர் அவர்தான். அப்படித்தான் தம்பியிடம் அவருடைய நம்பர் போனது; என் நம்பரைப்போல அதையும் மனப்பாடம் செய்துவைத்திருந்தான்.

ஜனாதிபதி வெளிநாட்டில் இருந்தபடி பதவி விலகிய செய்தி வந்த அன்று, காரின் பின்சீட்டில் துணி போட்டு மூடிய பெரிய டப்பா ஒன்று இருந்தது. மத்தியானம் சாப்பாட்டு அறையில் அக்கா அதைத் திறந்தார். கிரிபத். தேங்காய்ப் பாலில் வேகவைத்து, அமத்திப் பரப்பி, சாய்சதுரமாக வெட்டிய பாற்சோறு. பக்கத்தில் உறைப்பான வெங்காயச் சம்பல். நல்ல காரியம் எதுவும் சிங்கள வீடுகளில் அது இல்லாமல் தொடங்காது. கூட வேலை செய்யும் சமோவாப் பெண்கள் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அக்கா ஒரு துண்டைத் தட்டில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"எனக்கு வேண்டாம்."

"ஒரு துண்டு, நங்கி. ஆள் போயாச்சு. இனி எல்லாம் சரிவரும்."

"யுத்தம் முடிஞ்ச அண்டைக்கும் இதைத்தான் தந்தவை," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "பக்கத்து வீட்டு மனிசி கதவைத் தட்டித் தந்தா. அம்மா இருக்கிறாவோ இல்லையோ எண்டு தெரியாமல் இருந்த எனக்கு. வாங்காட்டி என்ன நினைப்பினமோ எண்டு பயந்து, அவ பார்க்கச் சாப்பிட்டனான். தம்பியையும் சாப்பிடப் பண்ணினனான்."

அக்கா தட்டைக் கீழே வைத்தார். அவர் ஏதாவது ஆறுதல் சொல்லிச் சமாளித்திருக்கலாம். "அன்றைக்கு நானும் செய்தேன்," என்றார். "இந்த ஒக்லாந்தில்தான். தெரிந்த வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இனிக் குண்டு வெடிக்காது என்கிற சந்தோஷம். அங்கே வன்னிக்குள்ளே யார் இருந்தார்கள் என்று நான் யோசிக்கவில்லை, நங்கி."

நான் எழுந்து போய்விட்டேன். அந்த நேர்மையை மெச்சுகிற நிலையில் நான் இல்லை. அடுத்த வேலைநாளிலிருந்து பஸ். காரில் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும் மங்கரே, பஸ்ஸில் ஒனஹங்காவில் இறங்கி, மழையில் நின்று, மாறிப் போய்ச் சேரும்போது ஒரு நாள் வேலை செய்து முடித்த களைப்பைத் தந்தது. வேலையில் அக்காவும் நானும் காலை வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டோம். நான் பஸ்ஸில் போவதில் இவருக்கு உள்ளூரச் சந்தோஷம். எனக்கு அதுவும் எரிச்சல்.

பாராளுமன்றம் புதிய ஜனாதிபதியைத் தெரிவுசெய்தது. கூடாரக்காரர்களைக் கிளம்பச் சொன்னார்கள். "நாளைக்குப் பின்னேரம் எல்லாரும் எழும்புறம் அக்கா," என்றான் தம்பி. "புத்தகங்களைப் பெட்டியில கட்டிக்கொண்டு இருக்கிறன்." அன்றுதான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை பஸ் தரிப்பில் நின்று கைபேசியைத் திறந்தேன். கொழும்பில் அப்போது நடுச்சாமம் தாண்டியிருந்தது. யாரோ நேரலையில் ஓடிக்கொண்டே படம் பிடிக்கிறார். சிப்பாய்கள் வரிசையாகக் கூடாரங்களுக்குள் இறங்குகிறார்கள். கடல் தெரிந்தது, பிறகு தரை தெரிந்தது, பிறகு ஒன்றும் தெரியவில்லை. தம்பிக்கு அடித்தேன். அவனுடைய போன் அணைந்து கிடந்தது. மறுபடி அடித்தேன், மறுபடி அடித்தேன்.

அப்போது அக்காவின் கார் பஸ் தரிப்பிலேயே வந்து நின்றது. பின்னால் வந்த பஸ்காரர் ஹோர்னை அழுத்தினார். அக்கா கண்ணாடியை இறக்கி, "ஏறு, நங்கி," என்றார். ஏறினேன். ரோஷம் எங்கே போனதோ தெரியாது.

"நுகேகொடைத் தங்கச்சியின் புருஷன் உன் தம்பியைத் தேடிப் போயிருக்கிறார். றோட்டை மறித்திருக்கிறார்களாம். என்றாலும் போவார்," என்றார். கொஞ்சத் தூரம் போனதும், "விடிந்தால் எல்லாரையும் விட்டுவிடுவார்கள்," என்றார்.

"உங்கட பிள்ளையளை விடுவாங்கள்," என்றேன்.

அது உண்மை என்று அக்காவுக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் சமையலறைக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது. லொக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு, தலைக்கு வலையும் கைக்கு உறையும் போட்டுக்கொண்டு நின்றேன். ஒரு தட்டுக்கு ஒரு ரொட்டி, ஒரு வெண்ணெய், ஒரு சீஸ். அன்று எந்தப் பயணிக்கு இரண்டு ரொட்டி போனது, யாருக்கு ரொட்டியே போகவில்லை என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். எனக்கு அடுத்து நின்ற அக்கா ஒன்றும் சொல்லாமல் என் தட்டுகளைத் திருத்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். அடையாள அட்டை அவன் பொக்கற்றில் இருக்கிறதா இல்லையா என்பதையே நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். இருந்தால் பெயரே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். இல்லாவிட்டால் அதுவே குற்றமாகிவிடும்.

தேநீர் இடைவேளை வந்ததும் லொக்கருக்கு ஓடினோம். என் போனில் இவருடைய அழைப்புகள் மட்டும்தான். அக்காவின் போன் அவர் கையிலேயே அடித்தது. தெரியாத கொழும்பு நம்பர்.

"ஹலோ? மல்லியா? இரு, வைத்துவிடாதே," என்றார். மல்லி என்றால் தம்பி. சாப்பாட்டு அறையில் ஒரே சிரிப்பும் இரைச்சலும். கார் நிற்கும் இடத்துக்கு ஓடினோம். அவர் காரை ஸ்டார்ட் செய்ததும் அழைப்பு காரின் ஸ்பீக்கருக்குத் தாவியது.

"அக்கே, மம," என்றது என் தம்பியின் குரல். அக்கா, நான்தான். சிங்களத்தில்.

ஏன் எனக்கு அடிக்கவில்லை என்று நான் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. எனக்கு அடித்தால் தமிழில் கதைக்க வேண்டிவரும். நான் சொல்லிக்கொடுத்தபடி செய்கிறான். ஆஸ்பத்திரி நடையில் இருந்தான். கூடாரம் சரிந்து இரும்புக் கம்பு கையில் விழுந்துவிட்டதாம். எலும்பு உடைந்திருக்கும் போல, எக்ஸ்ரேக்குக் காத்திருக்கிறான். கைபேசி தொலைந்துவிட்டது, பக்கத்தில் இருப்பவரின் போனில் கதைக்கிறான். வாசலில் பொலிஸார் நின்று பெயர் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் கூடப்பிறந்தவளிடம் சொல்வதுபோல அக்காவிடம் சொன்னான். நான் பக்கத்துச் சீட்டில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். என்னுடைய ஒரு தமிழ்ச் சொல் அந்தப் போனுக்கு வெளியே கேட்டுவிட்டால்? என் தம்பி இன்னொருத்தியை அக்கா என்கிறான், நான் மூச்சு விடப் பயந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்மேல் எனக்குப் பொறாமையும் நன்றியும் ஒன்றாகத்தான் வந்தன.

"உன் அக்கா இங்கே என் பக்கத்தில்தான் இருக்கிறாள்," என்றார் அவர். நான் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

மறுபக்கத்தில் தள்ளுவண்டி ஒன்று உருளும் சத்தம் கேட்டது.

"அக்கா," என்றான் தம்பி. "பக்கத்திலயோ இருக்கிறீங்கள்? பயப்படாதேங்கோ. கைதான். வேற ஒண்டும் இல்லை."

தமிழில் சொன்னான். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

அவனுக்குப் பக்கத்தில் ஒரு ஆண் குரல், "தெமளத?" என்று கேட்டது. தமிழா என்று.

"ஓவ்," என்றான். ஓம் என்று.

நானும் அக்காவும் கையைப் பிடித்துக்கொண்டோம். யார் முதலில் பிடித்தது என்று தெரியாது. அந்தக் குரல் வேறு எதுவும் கேட்கவில்லை. யாரும் போனைப் பறிக்கவில்லை. யாரோ இருமினார்கள், அவ்வளவுதான்.

"கதையுங்கோவன் அக்கா. போன் தந்தவர் காத்துக்கொண்டு நிக்கிறார்."

வாயைத் திறந்தேன். "மல்லி, சத்தமாகக் கதைக்காதே," என்றேன், என் தட்டுத்தடுமாறும் சிங்களத்தில். பிறந்த நாளிலிருந்து தம்பி என்று கூப்பிட்ட பிள்ளையை மல்லி என்று கூப்பிட்டேன். அதுவும் மங்கரேயில், ஒரு கார் தரிப்பிடத்தில், என்னை யாரும் ஒன்றும் செய்துவிட முடியாத நாட்டில். அக்கா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"தமிழில கதையுங்கோ அக்கா," என்றான். "இஞ்ச ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

காரின் கண்ணாடிகள் ஏற்றியிருக்கின்றனவா என்று திரும்பிப் பார்த்தேன். என் பக்கத்துக் கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்தது. அதை ஏற்றி மூடிவிட்டுத்தான் "தம்பி" என்றேன்.