பாட்டுக்கென்று ஒரு கம்ப்யூட்டர்

தொண்ணூறுகளின் கடைசியில், கொக்கிரகுளத்து அரசாங்க ஆபீஸ்களிலேயே கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி வைத்திருந்த காலத்தில், பாட்டு கேட்பதற்கு மட்டும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பிய கிறுக்கன் நான். பிள்ளைகள் படிப்பதற்கு இல்லை, வேறு எதற்கும் இல்லை. வீட்டில் சுவர் முழுக்க அடுக்கியிருந்த கேசட்டுகளை அதற்குள் ஏற்றி, ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்துவிட்டால் பாட்டு இனிமேல் கெடவே கெடாது என்றார்கள். சிடி பிளேயர் வாங்கலாம்தான், ஆனால் என் பாட்டுகளில் பாதி சிடியில் வரவே இல்லை. அதனால் கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டேன்.

கெடவே கெடாது என்ற வார்த்தைக்காகத்தான் பிடித்துக்கொண்டேன். ஒரு வருடமாக என் கேசட்டுகளில் உயிர் இல்லை. வயலின் மேலே ஏறும்போது மொண்ணையாகக் கேட்டது. ஜால்ரா இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. கூர்மையான சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழைக் கடைசிவரை திருகிவிட்டு உட்கார்ந்திருப்பேன். "காதக் குடையுது, கொறச்சு வையுங்க" என்று மனைவி அடுக்களையிலிருந்து சத்தம் போடுவாள். டேப் கெட்டுப்போச்சு, அதான் இப்படி என்பேன்.

டேப் கெட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் என் காது.

அப்பாவுக்கு நாற்பத்தைந்து வயதில் காது மந்தமாகத் தொடங்கியது. முதலில் எல்லோரும் அவரிடம் சத்தமாகப் பேசினார்கள். அப்புறம் சைகை காட்டினார்கள். கடைசியில் பேசுவதையே விட்டுவிட்டார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் ஓர் ஓரமாக உட்கார வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவரும் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வருவார். நானும் அவரிடம் பேசாமல் இருந்தவன்தான். எனக்கு அப்போது நாற்பத்து நான்கு. பாளையங்கோட்டையில் ஒரு காது டாக்டர் இருந்தார். பஸ் அந்தத் தெருவைத் தாண்டும்போதெல்லாம் நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொள்வேன். அவ்வளவு பயம்.

வண்ணார்பேட்டையில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. பாட்டுகளைப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் கேசட்டில் பதிந்து தருவார்கள். கடைக்கார அண்ணாச்சிக்கும் எனக்கும் பதினைந்து வருடப் பழக்கம். அந்தக் கடையில் எனக்குச் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று உண்டு. பதிவு மெஷினில், டேப் உரசி ஓடுகிற ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். மயிரிழை திருகினால் பாட்டு தெளியும், கூட ஒரு இழை போனால் மங்கிவிடும். அதை அளக்கக் கருவியெல்லாம் யார் வைத்திருந்தார்கள், காதுதான் அளவு. சனிக்கிழமை சாயங்காலம் நான் உள்ளே நுழைந்ததும் அண்ணாச்சி ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். வருகிறவர்களிடம், "சாருக்குப் பாம்புச் செவில்லா" என்பார். நான் வைத்த இடத்தில்தான் அந்த வாரம் முழுக்கப் பதிவு நடக்கும். ஆபீஸில் என்னை ஒரு ஈ காக்கா மதித்ததில்லை. எனக்கிருந்த கௌரவமெல்லாம் அந்தத் திருகாணியில்தான் இருந்தது.

கேசட் வியாபாரம் படுத்துவிட்டதால் அண்ணாச்சி பாகங்களை வாங்கிக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். எனக்கும் அவர்தான் பூட்டினார். பாட்டைப் பதியவும் கேட்கவும் வேண்டிய சவுண்ட் கார்டு மட்டும் பாக்கி.

"மூணு கார்டு வாங்கி வச்சிருக்கேன் சார். ஒவ்வொண்ணா மாட்டுதேன். இங்கன உக்காந்து கேட்டு, எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

என் கேசட்டுகளிலேயே நல்லதை எடுத்துப் போயிருந்தேன். முதல் கார்டில் பதிந்து போட்டார். மொண்ணை. இரண்டாவதும் மொண்ணை. மூன்றாவதுக்கும் முதலாவதுக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவதுதான்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அண்ணாச்சி தயங்கினார். "அதுல உஸ்ஸுன்னு ஒரு இரைச்சல் வருதே சார்."

எனக்கு எந்த இரைச்சலும் வரவில்லை. "அது டேப்போட இரைச்சல் அண்ணாச்சி. டேப் கெட்டுப்போச்சு. வேணும்னா டேப்பே இல்லாம ஒரு புது சிடியப் போட்டுப் பாருங்க" என்றேன். சொன்ன நிமிஷமே அதை விழுங்கிவிட மாட்டோமா என்றிருந்தது.

அவர் உறை பிரிக்காத பஜனைக் கச்சேரி சிடி ஒன்றை எடுத்துப் பிரித்து உள்ளே தள்ளினார். திரையில் பச்சைக் கோடுகள் வரிசையாக எழும்பின. இடப்பக்கம் கனத்த சத்தம், வலப்பக்கம் ஜால்ரா மாதிரி கீச்சுச் சத்தம், சத்தம் வந்தால் கோடு குதிக்கும் என்று விளக்கினார். மிருதங்கம் விழுந்தது, இடப்பக்கக் கோடுகள் எழும்பின. எனக்குக் கேட்டது. பாட்டு ஏறியது. வலப்பக்கத்தில் ஏழெட்டுக் கோடுகள் துள்ளிக்கொண்டிருந்தன. அந்தத் துள்ளலுக்கு என் காதில் ஒரு சத்தமும் இல்லை.

ஸ்பீக்கரில் காதை ஒட்டினேன். மூச்சைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்டேன். ஒன்றும் இல்லை. "வயர் லூசா இருக்கும் அண்ணாச்சி." வயரை மாற்றினார். "வேற ஸ்பீக்கர் மாட்டுங்க." மாட்டினார். ஹெட்ஃபோன் கேட்டேன், அதையும் கொடுத்தார். இரண்டு கையாலும் அதைக் காதோடு அழுத்திக்கொண்டு, முருகா, ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினேன். கோடுகள் துள்ளிக்கொண்டுதான் இருந்தன.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன். "அண்ணாச்சி, உங்களுக்கு ஜால்ரா கேக்கா?"

அவர் பாட்டை நிறுத்தினார். "கேக்கு சார்."

அப்போதுதான் அந்தத் திருகாணி ஞாபகம் வந்தது. ஒரு வருடமாக இந்தக் காதை வைத்துக்கொண்டுதானே திருகியிருக்கிறேன். ஊரில் எத்தனை பேர் கேசட்டைக் கெடுத்தேனோ.

"அப்போ சனிக்கிழமை சனிக்கிழமை நான் திருகி வச்சது?"

அவர் மேஜையைத் துடைத்தார். நான் விடவில்லை.

"நீங்க போன பொறவு, பைய பழைய எடத்துக்கே திருப்பி வச்சிருவேன் சார்" என்றார். "ரெண்டு வருஷமாவே."

நான் ஒரு வருடம் என்று நினைத்திருந்தேன்.

"ஏன் அண்ணாச்சி சொல்லல?"

"ஒங்ககிட்ட அத எப்படி சார் சொல்லுவேன்?"

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு வழியில்லை. என் அப்பாவிடமும் யாரும் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. மூன்று கார்டுகளும் மேஜை மேல் கிடந்தன. அவர் அவற்றை அடுக்கி வைத்துவிட்டு, "எதப் போடட்டும் சார்?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். எப்போதிருந்து வாயைப் பார்க்கிறேன் என்று யோசித்தேன், தெரியவில்லை.

"உங்களுக்கு எது நல்லா கேக்கோ, அதப் போடுங்க" என்றேன்.

"சரி சார்" என்றார் அண்ணாச்சி. இந்தத் தடவை சத்தமாகச் சொன்னார்.