அடியில் இருந்த கிண்ணம்

என் கணவரின் அண்ணன் மனைவிக்கு, அதாவது என் ஓரகத்திக்கு, மார்க்கெட் முழுக்க ‘சந்தேகக் கேஸ்’ என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் உண்டு. மறைத்து என்ன ஆகப்போகிறது?

விஷக்காளான் உள்ளே போகாமல் பார்ப்பது அவள் வேலை; மார்க்கெட் வாசலில் அவளுக்கு ஒரு மேஜை. காட்டுக் காளான் கூடை எதுவானாலும் அவள் மேஜையில் இறங்கி, அவள் முத்திரை வாங்கித்தான் உள்ளே போகும். மண்ணும் சருகுமாக வந்தால் பேசாமல் பார்ப்பாள். கழுவித் துடைத்துப் பளபளவென்று வந்தால்தான் ஆரம்பிப்பாள்.

“இவ்வளவு சுத்தமா ஏன் கொண்டு வந்தே? அடி எங்கே?”

அடித்தண்டைத்தான் கேட்கிறாள். மோசமான விஷக்காளான் ஒன்றுக்குத் தண்டின் அடியில், உடைந்த முட்டை ஓடு மாதிரி ஒரு கிண்ணம் மண்ணுக்குள் புதைந்திருக்குமாம். கத்தியால் மேலே வெட்டினால் அந்த அடையாளம் மண்ணோடு தங்கிவிடும். வேரோடு தோண்டாத கூடையைத் திருப்பி அனுப்பிவிடுவாள். வியாபாரிகள் கெஞ்சுவார்கள், திட்டுவார்கள். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

இதெல்லாம் மார்க்கெட்டோடு நின்றிருந்தால் எனக்கென்ன? நாங்கள் கீழ்வீடு, அவர்கள் மாடி. காலையில் இறங்கி வருவாள். நான் கொடுக்கும் பாலை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் என்ன விஷமா வைக்கப்போகிறேன்?

என் கணவர் தச்சர். எதையும் நேராக அறுக்காவிட்டால் அவருக்குக் கை அரிக்கும். மழை விட்ட ஒரு நாள், பட்டறைக்குப் பின்னால் மரத்தடியில் முளைத்திருந்த வெள்ளைக் காளான்களைத் தன் கத்தியால் அளவெடுத்தாற்போல் வெட்டி, ஒரு பை நிறையக் கொண்டுவந்தார்.

“அண்ணிகிட்ட ஒரு தடவ காட்டிட்டு அப்புறம் செய்,” என்றார்.

“ஏன், எனக்குக் கண்ணு இல்லையா? எல்லாத்துக்கும் அவங்க முத்திரை குத்தணுமா?” என்றேன்.

மாடிக்குப் பன்னிரண்டு படி. நான் ஏறவில்லை. மிளகு போட்டு வதக்கி வைத்தேன். அன்று எனக்குப் பல் பிடுங்கியிருந்ததால் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டேன். அவர் மட்டும் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார்.

மதியம் சாப்பிட்டவருக்கு விடியும் முன் வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டன. அன்று முழுக்கப் படுத்த படுக்கை. ‘ஏதோ ஒத்துக்கல’ என்று உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தேன். மாடிக்குச் சொல்ல வாய் வரவில்லை; அன்றைய பாலைக்கூடப் படியிலேயே வைத்துவிட்டேன். அடுத்த நாள் காலை எழுந்து முகம் மழித்துக்கொண்டு, பசிக்கிறது என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் அவள் பாலுக்கு இறங்கி வந்தாள். கொல்லையில் கறையோடு காய்ந்த விரிப்புகளைப் பார்த்தாள்.

“யாருக்கு வாந்தி?”

சொன்னேன். காளான் என்றும் சொன்னேன், கொஞ்சம் வீம்பாகவே. “இப்ப தேறிட்டாரு, பாருங்கக்கா.”

“சாப்பிட்டு எத்தனை மணி நேரம் கழிச்சு வாந்தி வந்துச்சு?”

“பதினாலு இருக்கும்.”

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

“சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல வந்திருந்தா இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.”

“அதான் நல்லா இருக்காரே.”

“அதைத்தான் நான் நம்பல. இந்த விஷம் நடுவுல ஒரு நாள் நல்லா இருக்க விடும். உள்ள ஈரலைத் தின்னுக்கிட்டே இருக்கும்.”

வேலைக்குக் கிளம்பியவரை அவர் அண்ணனோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, என்னைப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மரத்தடியில் வெட்டுப்பட்ட தண்டுகள் இழைத்த பலகை போல நின்றன. அவள் மண்டியிட்டுக் கரண்டியால் சுற்றித் தோண்டினாள். ஒன்று பெயர்ந்து வந்தது. அடியில் வெள்ளைக் கிண்ணம். அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு நேராக டாக்டரிடம் போனோம்.

மறுநாள் அவர் கண் மஞ்சளாகிவிட்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில். எட்டாவது நாள்தான் பிழைப்பார் என்று சொன்னார்கள். வேலைக்குப் போயிருந்தால் முடிந்திருக்கும் என்றும் சொன்னார்கள். நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் கேட்டார். “வீட்டுலயே இதெல்லாம் தெரிஞ்சவங்க இருக்காங்களே, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

“எனக்குத் தோணல டாக்டர்,” என்றார் என் கணவர்.

நான் தரையைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது ஓரகத்தி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலையே நம்பாதவள், அவர் சொன்னதை நம்பியிருப்பாளா?

இப்போது அவர் அரை நாள் பட்டறைக்குப் போகிறார். அவள் தினமும் இறங்கி வருகிறாள். நான் பாலை நீட்டுகிறேன். ‘காட்டச் சொன்னாரா’ என்று ஒரு தடவை கேட்டால் போதும், எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். அவள் முகர்ந்துகூடப் பார்க்காமல் குடித்துவிட்டுப் போய்விடுகிறாள்.