அண்ணி கழற்றிய படம்

அண்ணியின் கேமரா சாப்பாட்டுப் பையில்தான் இருந்தது. பச்சைத் துணிப்பை, ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் பெயர் பாதி அழிந்துபோயிருக்கும். ஒரு பக்கம் டிபன் பாக்ஸ், மறு பக்கம் தண்ணீர் பாட்டில், நடுவே பழைய துண்டில் சுற்றிய கேமரா. அண்ணன் ஆசையாக வாங்கிக் கொடுத்த கேமராப் பை பீரோவின் மேல் தூசி படிந்து கிடந்தது. "அந்தப் பைய மாட்டிக்கிட்டுப் போனா எல்லாரும் நிமிந்து நிக்கிறாங்க, டீச்சர். சாப்பாட்டுப் பையோட போனா ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்ல" என்பார் அண்ணி. நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் என்பதால், அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுகிறார். ஒருமுறை மோர்க்குழம்பு கசிந்து லென்ஸ் வரைக்கும் போய்விட்டது. அதைத் துடைத்துக் கொடுக்க ஆள் தேடித் திருச்சி முழுக்க ஸ்கூட்டரில் அலைந்தவள் நான். அண்ணிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் மாட்டார்.

லால்குடியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது அவர் வேலை. காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பிப் போய், "மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிவிட்டு வருவார். வெளியே வந்ததும் யாரிடமும் எதுவும் சொல்லாமல் படம் எடுப்பார். ஸ்டூடியோக்காரர்கள் எடுக்கும் படங்கள் அல்ல. என் கல்யாணத்தில் இரண்டு நாள் கேமராவோடு சுற்றிவிட்டுக் கடைசியில் மூன்றே மூன்று படம் கொடுத்தார்: கழுவி அடுக்கிய வாழை இலைகள், என் மாமியார் கழற்றிவிட்ட செருப்பு, தாலி கட்டி முடித்த பிறகு நான் எதற்கோ திரும்பியபோது தெரிந்த என் முதுகு. "என் மூஞ்சி எங்கங்க அண்ணி?" என்று கேட்டதற்கு, "முதுகுலதான் நீ பயந்தது தெரியுது" என்றார். அந்தப் படத்தை என் கணவர் வீட்டில் யாரிடமும் நான் காட்டவில்லை. காட்டினால் விளக்கம் சொல்ல வேண்டும்.

அப்படிப்பட்டவருக்கும் ஊரில் ஒரு கூட்டம் கிடைத்தது. ஸ்ரீரங்கத்தில், மூடிப்போன ஒரு டுட்டோரியல் கல்லூரியின் மாடி. சுவரில் கரும்பலகைகள் அப்படியே இருந்தன. ஒன்றில் யாரோ பாதியில் விட்ட கணக்கு ஒன்று அழிக்கப்படாமல் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் முடித்து வைக்க என் கை துறுதுறுக்கும். அந்த இடத்துக்குப் பெயர் வைப்பது பற்றி ஒரு வருடம் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் வெறும் 'மாடி' என்றே விட்டுவிட்டார்கள். ஞாயிறு காலைகளில் கவிதை, ஓவியம், நாடகம் என்று எதையாவது செய்கிற ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் ஒரு நாடகக்காரர். மற்ற நாட்களில் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. கோயில் ஊரில் கோயிலையே எடுக்காத போட்டோக்காரர் என்று அண்ணியைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். கூட்டத்தில் அண்ணி வாயே திறக்க மாட்டார் என்பதால் துணைக்குப் போன என்னை, கையெழுத்து நன்றாக இருக்கிறது, வண்டியும் இருக்கிறது என்பதற்காகச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். எனக்குக் கலை பிடிக்குமா என்று அன்றும் யாரும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை.

ஆனால் ஒரு படம் எனக்குப் பிடித்தது. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் ஓர் அம்மா, பட்டப்பகலில், அத்தனை இரைச்சலுக்கு நடுவே கூடையை மடியில் வைத்தபடி தூணில் சாய்ந்து தூங்கும் படம். வாய் லேசாகத் திறந்திருக்கும். பாதி கட்டிய சரம் கையிலிருந்து நழுவித் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். சுற்றிலும் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களின் கால்கள் மட்டும். முதலில் அதைப் பார்த்த அன்று மாடியில் யாரும் விவாதிக்கவில்லை. விவாதம் இல்லாமல் அவர்கள் பார்த்த ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

சென்னையில் கேலரி நடத்தும் ஓர் அம்மையார் எங்கள் மாடிக்கு வரச் சம்மதித்தார். ஒரு வருடம் கடிதம் எழுதி, போன் பேசி நான் வாங்கிய சம்மதம் அது. அவருக்குப் பிடித்தால் அண்ணியின் படங்கள் சென்னையில் தனிக் கண்காட்சியாகும். அவர் வரும் நாளில் மாடியிலேயே ஒரு கண்காட்சி வைக்கப் பதினைந்து படங்களைத் தேர்ந்தெடுத்தோம். பூக்கார அம்மாவின் படத்தைப் பெரிதாக அச்சடித்து நடுக் கரும்பலகையின் மேல் மாட்டினோம். போஸ்டரிலும் அதைத்தான் போட்டோம். அந்த போஸ்டர்களைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, பசை வாளியோடு நின்று ஒட்டியவளும் நானே. இப்போது யோசித்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. வேறு எங்கே ஒட்டியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது.

கண்காட்சி தொடங்குவது மாலை நான்கு மணிக்கு. அன்று காலை பதினொரு மணிக்கே அந்தப் பூக்கார அம்மா மாடிப்படி ஏறி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் கிழித்தெடுத்த போஸ்டர். பஸ் பிடித்து, வழி விசாரித்து வந்திருக்கிறார். நடுவில் மாட்டியிருந்த படத்தின் முன் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"இத யாருங்க எடுத்தது?"

அண்ணி, "நாந்தாங்க" என்றார்.

"இருபது வருசமா அங்க கடை போடறேன். ஒரு நாள் ஒரு பொழுது நான் கடையில தூங்கினதில்ல. அந்த ஒரு நாள்தான். அதப் போயி சுவத்துல ஒட்டிருக்கீங்களே. பக்கத்துக் கடைக்காரவுங்க எல்லாம் சிரிக்கிறாங்க."

நான் குறுக்கே புகுந்தேன். இது கேலி இல்லை, உழைப்பைக் காட்டும் படம், சென்னையிலிருந்தெல்லாம் பார்க்க வருகிறார்கள் என்று மேடையில் பேசுவது போலப் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உழைக்கிறதக் காட்டணும்னா முழிச்சிருக்கும்போது எடுத்திருக்கலாமேம்மா" என்றார். நான் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் அண்ணி பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறிவிட்டார். ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி இறக்கி அந்த அம்மாவின் கையில் கொடுத்தார். "மன்னிச்சிடுங்க. உங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும்" என்றார்.

அதோடு நிறுத்தியிருந்தால் நானும் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த அம்மா படியிறங்கிப் போனதும் மற்ற படங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். மனிதர்கள் இருந்த படங்கள் எல்லாம். "இவங்க யாரும் இன்னும் பாக்கல, டீச்சர்." நாடகக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் கெஞ்சினேன், திட்டினேன், அண்ணனுக்கு போன் போட்டேன். அண்ணன், "அவ முடிவு பண்ணிட்டான்னா நான் என்னம்மா சொல்றது" என்று வைத்துவிட்டார். சுவரில் மிஞ்சியவை நான்கு: காவிரி மணலில் ஒரு டயர் தடம், ஆளில்லாத எக்ஸ்ரே அறை, ஈரச் சுவர் ஒன்று, அந்த வாழை இலைகள். பிறகு உச்சி வெயிலில் என்னைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியை விடச் சொல்லி, இரண்டு பேரும் கரண்டியால் போஸ்டர்களைச் சுரண்டினோம். நான் பசையை நன்றாகவே காய்ச்சியிருந்தேன். ஒன்றும் லேசில் வரவில்லை. பூக்கார அம்மா தன் இடத்தில் உட்கார்ந்து சரம் கட்டியபடி பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி போஸ்டரும் உரிந்து வந்ததும் ஒரு பாட்டில் தண்ணீரை எங்கள் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அண்ணி வாங்கிக் குடித்தார்.

சென்னை அம்மையார் நான்கு படங்களையும் பார்த்துவிட்டு, டீயைத் தொடாமல், "இன்னும் நிறைய எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் கால் மணி நேரம். அடுத்த நாள் அண்ணி, "அந்தப் பூக்காரம்மா படம் உன் கம்ப்யூட்டர்லயும் இருக்குல்ல, அழிச்சிடு" என்றார். "சரி" என்றேன். அழிக்கவில்லை. அதோடு விட்டேனா என்றால் இல்லை. ஒரு மத்தியானம், கோபம் கொஞ்சமும் ஆறாத நிலையில், அதைச் சென்னை அம்மையாருக்கு அனுப்பி வைத்தேன். அண்ணி தன் வாழ்க்கையைத் தானே கெடுத்துக்கொள்கிறார், யாராவது ஒருவர் காப்பாற்ற வேண்டும் என்று மனதார நம்பினேன்.

பதில் வர மூன்று மாதம் ஆனது. அதற்குள் அண்ணி, கழற்றிய மற்ற படங்களைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு, படத்தில் இருந்த ஒவ்வொருவரையும் தேடிப் போகத் தொடங்கியிருந்தார். போக என்றால் என் வண்டியில். என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதில் போயின. திருவெள்ளறையில் ஒரு விவசாயி தன் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், "இந்த வேப்பமரம் விழுந்துருச்சுங்க" என்றார். லால்குடியில் இன்னும் மோசம். ரயில் நிலைய பெஞ்சில் வெளிச்சம் பாதி முகத்தில் விழ உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைத் தேடிப் போனால், அவர் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. மருமகள் படத்தை வாங்கிப் பார்த்து அழுதார். வீட்டில் அவருடைய படம் ஆதார் அட்டையில் இருப்பது மட்டும்தானாம். ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது தெருமுனையில் கருமாதி பேனர் கட்டியிருந்தது. அண்ணி மூன்று நாள் காத்திருந்து எடுத்த வெளிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டு, தலையை மட்டும் எடுத்து, நீல வானத்தில் ஒட்டி, மேலே இரண்டு புறாக்களைப் பறக்க விட்டிருந்தார்கள். எனக்கு வயிற்றெரிச்சல். அண்ணி வண்டியிலிருந்து இறங்கி அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்காரு" என்றார். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

சென்னைக் கடிதம் வந்தது அந்த வாரம்தான். பூக்கார அம்மாவின் படத்தைப் பெரிய கண்காட்சி ஒன்றில் முதலாவதாக வைக்கப் போகிறோம், படம் எடுத்தவர் கையெழுத்து வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அதை அண்ணியிடம் நீட்டினேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு முறை படித்தார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். மூன்று மாதமாகத் தயாராக வைத்திருந்த வசனங்கள் என்னிடம் நிறைய இருந்தன.

"எனக்கு ஆசையில்லைன்னு நெனச்சியா டீச்சர்?" என்றார். கண் கலங்கியிருந்தது. "என் பேரு அங்க இருக்கணும்னு எனக்கும்தான் ஆசை. நீ போயி அந்தம்மாவக் கேட்டுட்டு வா. அவங்க சரின்னா கையெழுத்துப் போடறேன்."

போனேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அதே தூண், அதே கூடை. "வாங்கம்மா, எத்தன மொழம்?" என்றார். என்னை அடையாளம் தெரிந்திருந்தது. ஆனாலும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் விரல்கள் நாரைச் சுற்றி முடிச்சுப் போடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நிமிர்ந்த முதுகு, கண் நாலு பக்கமும், கை அதன் பாட்டுக்கு. நான் கேட்டால் அவர் மறுப்பார். கேட்கிற அந்த ஒரு நிமிடம், மறுபடி அவரைத் தூங்க வைத்துப் பார்க்கிற மாதிரி இருக்கும். அதற்கு எனக்கு வாய் வரவில்லை. இரண்டு முழம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். படம் அனுமதி இல்லாமல் அனுப்பப்பட்டது, தவறு என்னுடையது என்று சென்னைக்கு எழுதினேன். அன்றே கம்ப்யூட்டரிலிருந்தும் அழித்தேன். அவர்கள் எங்களுக்கு மறுபடி எழுதவில்லை. அண்ணி என்னைப் பாராட்டவும் இல்லை. பூவை இரண்டாகக் கிள்ளி ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தார்.

இப்போது மாடி இல்லை. அந்தக் கட்டடத்தில் யாத்ரீகர்களுக்கு ஏசி அறைகள் விடுகிறார்கள். நாடகக்காரர் ஓய்வு பெற்றுப் பிள்ளையோடு ஓசூர் போய்விட்டார். அண்ணி இன்னும் லால்குடிக்குப் போய்வருகிறார், இன்னும் எடுக்கிறார். முதலில் கேட்டுவிட்டு எடுக்கிறார். கேட்டதும் அத்தனை பேரும் தலைவாரி, சட்டையை இழுத்துவிட்டு, விறைத்து நிற்கிறார்கள். அவர்கள் விறைப்பு தளரும் வரை அவர் பேசிக்கொண்டே இருக்கிறார், நான் வண்டியோடு வெயிலில் நிற்கிறேன். சில படங்கள் நன்றாக வருகின்றன. பூக்கார அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் வரக்கூடியது ஒன்றும் இல்லை. இதை அண்ணியிடம் சொல்லியும் இருக்கிறேன். "தெரியும்" என்கிறார். அவ்வளவுதான் பதில். ஊரில் அவர் பெயர் தெரிந்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள். நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சலாகத்தான் வருகிறது.

இதையெல்லாம் எழுதலாம் என்று தோன்றியபோது, அண்ணியிடம் மட்டும் கேட்டால் போதாது என்று உறைத்தது. சென்ற வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பூக்கார அம்மாவுக்கு இப்போது கண்ணாடி வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். பேர் போட மாட்டேன், படமும் இருக்காது, வெறும் எழுத்துதான் என்றேன்.

"தூங்கினேன்னு எழுதுவீங்களா?"

"ஆமாங்கம்மா. அத எழுதாம முடியாது."

அவர் ஒரு முடிச்சைப் போட்டு இறுக்கினார். "எழுதிக்குங்க. ஆனா அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். ஊசி போட்டுக்கிட்டு நேரா கடைக்கு வந்துட்டேன். அதையும் சேத்து எழுதிடுங்க. அந்தப் படத்துல அது தெரியல."

அன்று அவருக்குக் காய்ச்சல்.