படகு இன்ஜினும் ஐந்தாண்டுத் திட்டமும்

இரண்டு மாதத்துக்கு முன்னால் எர்ணாவூர் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியில் மீட்டிங். அடுத்த ஐந்து வருடத்துக்குத் திட்டம் போடுகிறார்கள். கமிட்டியில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டுமாம்… என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். சமோசா நன்றாக இருந்தது.

பிரின்சிபால் தங்கமான மனிதர். ஆனால், திட்டம் என்றால் அவருக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் கேட்டால் எடுத்து நீட்டுகிற புத்தகம், அவ்வளவுதான்.

“இது நான் போடற மூணாவது பிளான் சார். முதல் ரெண்டையும் யாரும் பிரிச்சுக்கூடப் பார்க்கலை” என்று என் காதில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன், பதினெட்டாம் பக்கம் வரும்வரை.

அங்கே ஒரு வரி: ‘படகு இன்ஜின் மெக்கானிக் கோர்ஸ் – மாணவர்களுக்கு ஆர்வம் இல்லை – நிறுத்தலாம்.’

அந்தக் கோர்ஸை நடத்துகிற கஸ்தூரி சட்டென்று எழுந்துவிட்டார். திருவொற்றியூர் மீனவர் குடும்பத்துப் பெண். கான்ட்ராக்ட் வேலை. கோர்ஸ் போனால் வேலையும் போய்விடும்.

“இன்னா சார் இது? ஆர்வம் இல்லன்னு எப்டி சார் எழுதுனீங்கோ? நீங்க கிளாஸ் வெக்கிறது ஜூலைல. அப்ப அல்லாரும் கடல்ல கீறாங்கோ. மீன்பிடி தடைக்காலம் ரெண்டு மாசம் போட்டெல்லாம் கரையில நிக்குது. இன்ஜினப் பிரிச்சுப் போட்டுக்கினு குந்திகினு கீறாங்கோ. அப்ப நீங்க இன்னா பண்றீங்கோ? சம்மர் லீவுன்னு கேட்டை மூடிக்கினு பூட்றீங்கோ!”



எனக்கு வெட்கமாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கடல். நாங்கள் அத்தனை பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தோம்? பதினேழு பக்கத்துக்குத் தலையாட்டியவன் நானும்தானே?

“காலண்டர் மேலேருந்து வருதும்மா…” என்று ஆரம்பித்த பிரின்சிபால் பாதியில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி, லெட்டர் போட்டு பர்மிஷன் வாங்கறேன். இந்தத் தடைக்காலத்துல நடத்துவோம். அப்பவும் ஆள் வரலைன்னா கோர்ஸை நிறுத்திடுவேன். சம்மதமா?”

“வருவாங்கோ சார்” என்றார் கஸ்தூரி.

போன வாரம் காசிமேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கரையேற்றிய படகுகளின் நிழலில் கிளாஸ். தார்ப்பாயில் பிரித்துப் போட்ட இன்ஜின்; சுற்றிலும் வயசு வித்தியாசம் இல்லாமல் ஆட்கள். “ரெஜிஸ்டர்ல எடமே இல்ல சார், தனியா பேப்பர் ஒட்டிகீறேன்!” என்று கஸ்தூரி காட்டினார். கை முழுக்க கிரீஸ், முகம் முழுக்கச் சிரிப்பு. இனி அந்தக் கோர்ஸை யாரால் நிறுத்த முடியும்? எனக்கே விசில் அடிக்கலாம் போலிருந்தது.

பிரின்சிபாலும் வந்திருந்தார். லீவில்தான்! இன்ஜினுக்கு நேராகக் குனிந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

“நைனா, கொஞ்சம் நவுரு… வெளிச்சம் மறைக்குது” என்றார் ஒரு படகுக்காரர்.

பிரின்சிபால் உடனே ஓரடி தள்ளி நின்றார்.

மூன்று திட்டங்களிலும் சேர்த்து, நிர்வாகம் எடுத்த மிக நல்ல நடவடிக்கை அதுதான்!